அழகுமுத்து காய வைத்த சுவர்

எங்கள் வரிசையில் இருபத்திரண்டு வீடுகள். தோட்டத் தொழிலாளர் வரிசைக் காம்பராக்களான லயத்தை விட்டு இந்தப் புது வீடுகளுக்குக் குடிவந்த வாரத்தில், பால் காய்ச்சிய கையோடு எல்லாரும் செய்த முதல் வேலை ஒன்றுதான். குளியலறைச் சுவரின் உச்சியில் காற்றுக்கென்று மேசன் வைத்திருந்த ஓட்டைக் கற்களை அடைத்தோம். சிலர் உரப்பையைச் சுருட்டித் திணித்தார்கள். சிலர் பழைய சாக்கைக் கிழித்துச் செருகினார்கள். நான் பள்ளிக்கூடத்து டீச்சர் அல்லவா, பெட்டிகளில் வருகிற வெள்ளை ரெஜிபோம் அட்டையை அளவெடுத்து வெட்டி, பார்க்க அழகாக அடைத்தேன்.

யாரையும் குற்றம் சொல்ல முடியாது. கொட்டகலைக்கு மேலே இருக்கிற எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மழை பிடித்தால் மாதக் கணக்கில் விடாது. உடுப்பைக் கழற்றி நிற்கிற இடத்தில் குளிர்காற்று ஊசி ஊசியாக இறங்கினால் யார்தான் பொறுப்பார்கள்? அதுவரை நாங்கள் குளித்தது பீலியில். மலையிலிருந்து குழாயில் வந்து கொட்டும் தண்ணீருக்குக் கீழே நின்று குளித்துவிட்டு ஓடி வந்துவிடுவோம். பீலியை யாரும் துடைத்ததும் இல்லை, காய வைத்ததும் இல்லை. குளியலறை என்று ஒன்று வீட்டுக்குள் வந்தால் அதைக் காய வைக்க வேண்டும் என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்?

ஆறு மாதத்தில் கூரை மூலையில் மிளகைத் தூவினதுபோல கறுப்புப் புள்ளிகள் வந்தன. பிறகு புள்ளிகள் சேர்ந்து திட்டாயின. கதவைத் திறந்தால் நனைந்த நாய் வாடை. சீமெந்தில் கலப்படம் என்றார்கள். கண் பட்டுவிட்டது என்று எலுமிச்சம்பழம் கட்டினார்கள். நான் தீபாவளிக்கு வெள்ளைப் பெயின்ட் வாங்கி இரண்டு பூச்சுப் பூசினேன். கார்த்திகை விளக்கீட்டுக்குள் அந்தப் பூஞ்சணம் வெள்ளைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து என்னைக் கேலி செய்தது.

இருபத்திரண்டில் ஒரே ஒரு குளியலறை மட்டும் சுத்தமாக இருந்தது. அது என் பக்கத்து வீடு, அழகுமுத்துவின் வீடு. அவர் மட்டும் ஓட்டைக் கற்களை அடைத்திருக்கவில்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. பக்கத்து வீட்டில் என்ன குழம்பு என்று மூக்காலேயே கண்டுபிடிக்கிறவள் நான். ஆனால் அவர் வீட்டுச் சுவர் ஏன் கறுக்கவில்லை என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

அழகுமுத்துவைப் பற்றி அப்போது எனக்குப் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆள் ஒரு மாதிரி என்றுதான் நினைத்திருந்தேன். நாற்பத்தெட்டு வயது, மெலிந்த உடம்பு, அதிகம் பேச மாட்டார். ஸ்டோரில் வேலை. ஸ்டோர் என்று நாங்கள் சொல்வது தேயிலைத் தொழிற்சாலையை. அதன் மேல்மாடியில் பச்சைக் கொழுந்தை நீளமான தொட்டிகளில் விரித்து, அடியிலிருந்து விசிறியால் காற்று விட்டு வாட்டுவார்கள். அங்கே கொழுந்து சரியாக வாடாவிட்டால் அதற்குப் பிறகு எந்த மெசின் வந்தும் அந்தத் தூளைக் காப்பாற்ற முடியாது. பத்தொன்பது வயதில் அந்த மாடிக்கு ஏறியவர், இன்னும் அங்கேதான் நிற்கிறார்.

எதையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பது அவர் பழக்கம். விறகைத் தொடுவார், கொடியில் கிடக்கும் சட்டையைத் தொடுவார், கடையில் பாண் ரொட்டியைத் தொட்டுப் பார்த்து முதலாளியிடம் திட்டு வாங்குவார். கொட்டகலை பஸ்ஸில் மழை நேரத்தில் எல்லாரும் ஷட்டரை இறக்கிவிட்டு ஒடுங்கி உட்கார்ந்திருப்போம். அழகுமுத்து தன் பக்கத்து ஷட்டரை ஒரு சாண் தூக்கிவிடுவார். “யோவ், எறக்குய்யா!” என்று நாலு பேர் கத்துவார்கள். “உள்ள ஒரே மூச்சா இருக்குங்க” என்பார் அவர், ஏதோ அதுவே போதுமான பதில் என்பதுபோல.

அந்தக் குளியலறைமேல் அவருக்கு உயிர். காரணம் அவருடைய ஒரே மகள் கிருஷாந்தி. சின்ன வயதிலிருந்து அவளுக்கு வீசிங். லயத்துக் காம்பராவில் அடுப்புப் புகைக்குள் மூச்சிழுத்துக் கிடந்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடாத மாதம் இல்லை. கொழும்புக்குப் பக்கத்தில் வத்தளையில் ஒரு குடும்பத்தில் அவளைக் கட்டிக் கொடுத்தபோது, மாப்பிள்ளை பிரதாப்பின் அம்மா நாகலெட்சுமி ஒன்று சொல்லிவிட்டாள்: “லயத்துக் காம்பராவுல வச்சிப் பிரசவம் பாக்க எம்மருமகள நான் அனுப்ப மாட்டேன்.” புது வீடு கிடைத்ததும் அழகுமுத்து ஞாயிறு ஞாயிறாக நின்று குளியலறைக்குத் தன் கையாலேயே இடுப்பளவு டைல் ஒட்டினார். ரோஸ் நிறக் கண்ணாடி ஒன்று மாட்டினார். தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீட்டுக்கு வர வேண்டும், முப்பத்தோரு நாளும் இருந்து தலை முழுகிப் போக வேண்டும். அவருக்கு அந்த வீட்டிடமிருந்து வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

கிருஷாந்தி ஒன்பதாம் மாதத்தில் வந்து சேர்ந்தாள். அவள் தாய் பேச்சியம்மா செய்த முதல் வேலை, குளியலறையின் ஓட்டைக் கற்களை அடைத்தது. அடைத்துக் கொடுத்ததே நான்தான். ஸ்டூலில் ஏறி நின்று உரப்பையைத் திணித்தேன்.

“அடைக்க வேணாம் டீச்சர்” என்றார் அழகுமுத்து வாசலில் நின்று. “ஈரம் நிக்கும்.”

“புள்ளத்தாச்சி குளிக்கிற எடத்துல சிலுசிலுன்னு காத்தடிச்சா ஜன்னி வராதா? இது பொம்பளைங்க சமாச்சாரம். நீங்க போயி ஒங்க கொழுந்தப் பாருங்க” என்றாள் பேச்சியம்மா.

நானும் சிரித்தேன். அவர் போய்விட்டார்.

ஆனி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. ஆசுபத்திரியிலிருந்து வந்ததும் பேச்சியம்மா பச்சை உடம்புக்காரியைப் பொத்திப் பொத்தி வைத்தாள். அண்டா அண்டாவாகத் தண்ணீர் சுட வைத்து, நொச்சி இலை போட்டு, குளியலறையைச் சாத்திக்கொண்டு மகளைக் குளிப்பாட்டினாள். கதவைத் திறந்தால் உள்ளே ஆள் தெரியாது, அவ்வளவு ஆவி. வெளியே மழை விடவில்லை என்று குழந்தையின் துணிகளையும் குளியலறைக்குள்ளேயே கொடி கட்டிக் காயப் போட்டோம். எங்கே காய்ந்தன? ஆறாம் நாள் ரோஸ் கண்ணாடியின் ஓரம் கறுத்தது. அடுத்த நாலைந்து நாளில் கூரையில் பாதி கறுப்பு. பேச்சியம்மா தணல் சட்டியைக் கொண்டுபோய் உள்ளே வைத்தாள். சுவர் வேர்த்து வழிந்ததே தவிர காயவில்லை.

கிருஷாந்திக்கு இழுப்பு வந்தது. குளித்துவிட்டு வந்து கட்டிலில் சாய்ந்தால் நெஞ்சிலிருந்து குழல் ஊதுவது போல ஒரு சத்தம். குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதே நடுவில் நிறுத்தி வாயால் மூச்சு வாங்குவாள்.

பன்னிரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, பேத்தியைத் தொட்டிலில் போட வத்தளையிலிருந்து நாகலெட்சுமி வந்தாள். கை கழுவக் குளியலறைக்குள் போனவள், சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே வந்தாள். கெட்டவள் இல்லை அவள். சத்தம்கூடப் போடவில்லை.

“சம்பந்தி, நான் சண்ட போட வரல. எம்மருமக நெஞ்சு கத்துறது வாச வரைக்கும் கேக்குது. அந்தப் பச்ச மண்ணும் இதே காத்தத்தான் குடிக்குது. அடுத்த ஞாயித்துக்கெழம வேன் புடிச்சிக்கிட்டு வாரேன். ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டுப் போயிடுறேன்” என்றாள்.

அவள் போனதும் பேச்சியம்மா அடுப்படியில் உட்கார்ந்து அழுத அழுகையை நான் மறக்க மாட்டேன். தலைப்பிரசவத்துக்கு வந்த மகள் பாதியில் புறப்பட்டுப் போனால் ஊர் என்ன பேசும் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். ‘பெத்த மகள முப்பது நாளு வச்சிப் பாக்கத் துப்பில்ல’ என்று அவள் சாகிற வரைக்கும் பேசுவார்கள். அழகுமுத்து மனைவியைத் தேற்றக்கூட இல்லை. குளியலறை வாசலில் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். இருக்கத் தெரியாது எனக்கு. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து பிளீச்சிங் பவுடர் ஒரு பை கொண்டுவந்தேன். வாளியில் கரைத்துச் சுவரெல்லாம் அடித்துத் தேய்த்தேன். கறுப்பு மறைந்து சுவர் பளிச்சென்று ஆனது. “பாத்தியா பேச்சி?” என்று பெருமை அடித்துக்கொண்டேன். ஒரு மணி நேரம் இல்லை, அந்த நெடி வீடு முழுக்கப் பரவி கிருஷாந்திக்கு மூச்சே நின்றுவிடும் போல ஆகிவிட்டது. உதடு நீலம் பூத்தது. திரீவீலரில் போட்டு ஆசுபத்திரிக்குக் கொண்டு ஓடினோம். முகத்தில் மூடியை வைத்து மருந்து ஆவி பிடித்து, சாயந்தரம்தான் விட்டார்கள். வழி முழுக்கக் குழந்தையை மடியில் வைத்திருந்தவள் நான். அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் பிறகு மனுஷியாக நடமாடியிருக்க மாட்டேன்.

மறுநாள் காலை பார்த்தால், நான் வெளுத்த சுவரில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. அழகுமுத்து புறங்கையால் தொட்டுப் பார்த்தார். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.

“கறுப்பக் கழுவிட்டீங்க டீச்சர். ஈரம் அப்புடியே இருக்கு. ஈரம் இருந்தா அது திரும்பி வரும்” என்றார்.

அன்று மத்தியானம் வேலை விட்டு வரும்போது அவர் கையில் ஒரு பலகை இருந்தது. ஸ்டோர் மாடியில் மாட்டியிருந்த பழையது, தொழிற்சாலைக்குப் பொறுப்பான டீமேக்கரிடம் கேட்டு வாங்கி வந்திருந்தார். பலகையில் இரண்டு தெர்மாமீட்டர்கள். ஒன்று சும்மா இருக்கும். மற்றதன் அடியில் ஈரத்துணி சுற்றியிருக்கும். காற்றுக்கு ஈரத்தை உறிஞ்சும் தெம்பு இருந்தால் ஈரத்துணி சுற்றியது இறங்கி நிற்கும். இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினால், அந்தக் காற்று ஏற்கெனவே தண்ணீரைக் குடித்து வயிறு முட்டிக் கிடக்கிறது என்று அர்த்தம். இந்த இரண்டு எண்ணையும் பார்த்துத்தான் அவர் இத்தனை வருஷமும் கொழுந்துக்கு எவ்வளவு காற்று விடுவது என்று முடிவு செய்திருக்கிறார்.

கிருஷாந்தி குளித்து அறைக்குள் போனதும் பலகையைக் குளியலறையில் மாட்டினார். கொஞ்சம் பொறுத்து பேச்சியம்மாவையும் என்னையும் கூப்பிட்டார்.

“ரெண்டையும் வாசிங்க டீச்சர்.”

வாசித்தேன். இரண்டும் அறுபத்தெட்டு பாரன்ஹீட்.

“ஸ்டோர்ல இப்புடி நின்னா டீமேக்கர் என்னைய மாடியில இருந்து தள்ளிவிட்ருவாரு. இதுல கொழுந்து வாடாது, அழுகிப் போவும். எம்புள்ளைய இதுக்குள்ள வச்சிருக்கோம்” என்றார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான்.

சொல்லிவிட்டு ஸ்டூலில் ஏறி, நான் திணித்த உரப்பைகளை ஒவ்வொன்றாக உருவிக் கீழே போட்டார். பேச்சியம்மா பதறினாள்.

“ஆம்பள ஆளு, புள்ள பெத்தவ குளிக்கிற எடத்துல ஒங்களுக்கு என்னங்க வேல? கேக்குற நாலு பேரு சிரிக்க மாட்டாங்க?”

“சிரிக்கட்டும் பேச்சி. அன்னைக்கு நீ போகச் சொன்னே, போயிட்டேன். எனக்குத் தெரிஞ்சிருந்தும் போயிட்டேன். அது என் தப்பு. இன்னைக்குப் போக மாட்டேன்.”

அடுத்தது கதவு. வாளை எடுத்து வந்து குளியலறைக் கதவின் அடிப்பாகத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு அறுத்துத் தள்ளினார். புதுக் கதவு!

“மேல தொறந்தீங்க, சரி. கதவ ஏன் அறுக்குறீங்க?” என்று கேட்டேன்.

“மேல மட்டும் தொறந்தா காத்து உள்ள வராது டீச்சர். தொட்டியில எப்புடி? அடியில இருந்து வரணும், கொழுந்துக்குள்ள பூந்து மேல போவணும். வர வழியும் வேணும், போற வழியும் வேணும்.”

“வெளிய மழையும் பனியுமா இருக்கு. அந்தக் காத்து எப்புடிக் காய வைக்கும்?”

“மழக்காலத்துல ஸ்டோர்ல என்ன செய்றோம்? காத்தக் கொஞ்சம் சூடு காட்டித்தான் விடுறோம். குளுந்த காத்து சூடானா அதுக்குத் தாகம் எடுக்கும், ஈரத்தக் குடிக்கும். இங்க அடுப்படி பக்கத்துலதானே இருக்கு? தண்ணி சுட வச்ச தணல் அப்புடியே கெடக்கு. அந்தச் சூட்டுக் காத்து கதவுக்கு அடியால வரும். பேச்சி தணல உள்ள வச்சிச் சாத்துனா, அதான் வேர்த்துச்சு.”

அரை மணி நேரத்தில் இரண்டு எண்களுக்கும் மூன்று வித்தியாசம் வந்தது. ஒரு மணி நேரத்தில் ஐந்து. பேச்சியம்மா எண்ணைப் பார்க்கவில்லை. உள்ளே போய்ச் சுவரை உள்ளங்கையால் தடவினாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். உரப்பைகளைப் பொறுக்கிக் கொண்டுபோய் வெளியே போட்டாள். நானும் வீட்டுக்குப் போய் என் ரெஜிபோமைப் பிடுங்கி எறிந்தேன்.

மனைவியின் பயத்தையும் அவர் தள்ளிவிடவில்லை. அதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. ஓட்டைக் கற்களுக்கு உள்பக்கமாக ஒரு பலகை மூடி செய்து கயிறு கட்டிவிட்டார். கிருஷாந்தி குளிக்கும்போது மூடியிருக்கும், ஒரு பொட்டுக் காற்று வராது. அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் கயிற்றை இழுத்தால் திறந்துகொள்ளும். லொறி டியூப்பில் ஒரு துண்டு வெட்டிக் கட்டையில் அடித்து, சுவரில் நிற்கும் தண்ணீரை வழித்துவிட ஒரு கருவி செய்தார். துணிக்கொடியை அடுப்புக்கு மேலே மாற்றினார். பேச்சியம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது: “பேசாம துணியெல்லாம் ஸ்டோருக்குக் கொண்டுபோயி அந்தத் தொட்டியில விரிச்சிருங்களேன்.” அழகுமுத்து முகத்தைப் பார்க்க வேண்டுமே! “கொழுந்து போடுற எடத்துல பீத்துணியா?” என்றார். மூன்று நாளுக்குப் பிறகு அந்த வீட்டில் அன்றுதான் சிரித்தோம்.

பழைய பூஞ்சணம் மூலைகளில் மிச்சம் இருந்தது. புதன்கிழமை அதை எடுக்கும்போது கிருஷாந்தியையும் குழந்தையையும் என் வீட்டு முன்னறையில் வைத்துக்கொண்டேன். தீட்டு நாளில் வேறு வீட்டுக்குள் விடலாமா என்று வரிசையில் முணுமுணுத்தார்கள். விட்டேன். என் பிளீச்சிங்குக்கு அதுவாவது ஈடாகட்டும் என்று நினைத்தேன். அழகுமுத்து மூக்கில் துணி கட்டிக்கொண்டு, சவர்க்காரத் தண்ணீரில் சுவரை நனைத்து நனைத்துத் தேய்த்தார். காய்ந்தபடி சுரண்டினால் தூள் பறந்து மகள் நெஞ்சுக்குப் போய்விடும் என்று ஒரு அங்குலம்கூட நனைக்காமல் தொடவில்லை. தேய்த்த துணியைக் கையோடு எரித்தார்.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு வேளை, மகள் குளித்த உடனே, சுவரை வழித்து, தரையைத் துடைத்து, பலகையில் எண்களைப் பார்ப்பது அவர் வேலையாகிவிட்டது. எட்டு மணி நேரம் ஸ்டோரில் நின்றுவிட்டு வந்து இதைச் செய்தார். தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசினார்கள். “கொழுந்து வாட்டுனவரு இப்ப கக்கூஸ் கழுவுறாராம்” என்று ஒருத்தி சொன்னாள், எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் மத்தியில் அந்தச் சொல் வெறும் கேலி இல்லை. யார் கழுவுவது, யார் கழுவக் கூடாது என்று ஒரு பழைய கணக்கு இன்னமும் மனசுக்குள் ஓடுகிறவர்கள் நாங்கள். அழகுமுத்து குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றார். “ஆமா, நம்ம வீட்டுதுதானே” என்றார். வெள்ளிக்கிழமை அதே பெண் தன் வீட்டுக் குளியலறைக்கு அந்தப் பலகையைக் கொஞ்சம் கொண்டுவந்து மாட்ட முடியுமா என்று கேட்டு வந்தாள். போய் மாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. சொன்னபடி வேன் வந்து நின்றது. நாகலெட்சுமியும் பிரதாப்பும் இறங்கினார்கள். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் நாகலெட்சுமி நேரே குளியலறைக்குள் போனாள். நாங்கள் அடுப்படியில் நின்றோம். பேச்சியம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. நாகலெட்சுமி விரலைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தாள். மூலையெல்லாம் தடவிப் பார்த்திருக்கிறாள்.

“நல்லாத்தான் இருக்கு சம்பந்தி. இல்லேன்னு சொல்லல. ஆனா மழ இன்னும் எத்தன நாளு அடிக்குமோ. மறுபடி வராதுன்னு என்ன நிச்சயம்? வேனும் வந்துருச்சு. கூட்டிக்கிட்டே போயிடுறேன்.”

பெண்ணைக் கொடுத்த அழகுமுத்து சம்பந்தியை எதிர்த்து என்ன பேசுவார்? நான் பேசியிருப்பேன், நல்லவேளை அறைக்குள்ளிருந்து கிருஷாந்தி பேசிவிட்டாள்.

“நான் வரல மாமி.”

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள்.

“இங்க முப்பத்தொண்ணு முடியட்டும். அங்க நம்ம பாத்ரூமு, இது இருந்தத விட மோசம் மாமி. கல்யாணம் கட்டி வந்த ரெண்டு வருசமா அங்கயும் எனக்கு இழுத்துக்கிட்டுத்தான் இருக்கு. காலயில குளிச்சிட்டு வந்து வாசக் கேட்டுக்கிட்ட ஒக்காருவேன்ல? வேடிக்க பாக்குறேன்னு ஏசுவீங்க. மூச்சு வராமத்தான் ஒக்காந்திருப்பேன். இந்த அஞ்சு நாளாத்தான் படுத்தா தூங்குறேன்.”

நாகலெட்சுமி பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

“ஏண்டி எங்கிட்ட சொல்லல?”

“வந்த வீட்டக் கொற சொல்ற மாதிரி ஆயிடும்ல மாமி.”

பிரதாப் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்தவனுக்கும் அது புதுச் செய்திதான் போலிருக்கிறது. பேச்சியம்மா இலையைப் போட்டாள். அவர்கள் சாப்பிட்டதும் வேன் வந்தபடியே திரும்பிப் போனது.

வேன் வளைவில் மறைந்ததும் பேச்சியம்மா சேமியா எடுத்துப் பாயாசம் காய்ச்சினாள். எனக்கும் ஒரு பெரிய கப். மகள் தங்கிவிட்டாள், மானம் தப்பியது, இனி என்ன? ஆனால் அழகுமுத்துவின் கப் ஆறி ஆடை கட்டிக்கொண்டிருந்தது. “குடிங்களேன்” என்றேன். “இன்னும் பன்னெண்டு நாளுதான் டீச்சர்” என்றார். பன்னிரண்டு நாளும் மகள் கூட இருப்பாள் என்று சந்தோஷப்படுகிறார் என்று நான் நினைத்தேன். அவர் அதற்கு அடுத்த நாளைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த புதன்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டில் பேச்சியம்மாவின் சத்தம் கேட்டு ஓடினேன். அழகுமுத்து வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, தோளில் பையோடு நிற்கிறார். பைக்குள் பிரஷ், வாள், டியூப் கட்டை, ஒரு கட்டுப் பழந்துணி. தெர்மாமீட்டர் பலகையைச் சேலைத்துணியில் சுற்றிக் கையில் பிடித்திருக்கிறார். மூன்று நாள் லீவு போட்டுவிட்டு வத்தளைக்குப் புறப்படுகிறார்.

“கேளுங்க டீச்சர் இந்த அநியாயத்த! பொண்ணக் குடுத்தவங்க சம்பந்தி வீட்டுக்குச் சீரு தூக்கிக்கிட்டுப் போவாங்க. இவரு பிரஷ்ஷத் தூக்கிக்கிட்டுப் போறாரு. அவங்க வீட்டு பாத்ரூமக் கழுவுறதுக்கா நாம பொண்ணு குடுத்தோம்?” என்று பேச்சியம்மா அழுதாள்.

எனக்கும் அது சரியாகப் படவில்லை. ஒரு கூலியாளை வைத்துக்கொள்ளச் சொல்லலாம், மருமகனிடம் போனில் விளக்கிச் சொல்லலாம் என்று நானும் தடுத்தேன். அவர் இரண்டு பேர் சொன்னதையும் கேட்டுக்கொண்டார், செருப்பை மாட்டிக்கொண்டார். கொட்டகலை பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

அன்று பின்னேரம் நாகலெட்சுமி போன் செய்தாள். பேச்சியம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

“சம்பந்தி, நான் என்ன செய்வேன்! வாசல்ல வந்து நின்னு, பாத்ரூம் எங்கங்கன்னு கேக்குறாரு. வேணாம், வேணாம்னு கையப் புடிக்காத கொறையாச் சொன்னேன், கேக்க மாட்டேங்கிறாரு. ஜன்னல் கண்ணாடியக் கழட்டிட்டாரு, கதவ அறுத்துட்டாரு. இப்ப முட்டி போட்டுத் தேய்ச்சிக்கிட்டு இருக்காரு. எனக்கு நாக்கப் புடுங்கிக்கிட்டுச் சாவலாம் போல இருக்கு. சும்மா பாத்துக்கிட்டு நிக்க முடியல, நானும் ஒரு பிரஷ்ஷ எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டேன்.”

பேச்சியம்மா போனை வைத்துவிட்டு, எழுந்துபோய் எங்கள் குளியலறைத் தரையைத் துடைத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் திரும்பி வந்தார். கை விரல்கள் சவர்க்காரத் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தன. முட்டியில் காற்சட்டை தேய்ந்திருந்தது. பலகையைக் காணோம், நாகலெட்சுமி வாசித்துப் பழகட்டும் என்று அங்கேயே மாட்டிவிட்டு வந்தாராம், டீமேக்கரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றார். வீட்டுக்குள் போகும் முன் என் வாசலில் கொஞ்சம் நின்றார். அவர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்திருந்தும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. சம்பந்தி வீட்டுல போயி முட்டி போட்டு பாத்ரூம் கழுவுனது ஒங்களுக்கு ஒரு மாதிரியா இல்லையா?”

நான் கேட்டது அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை என்று நினைக்கிறேன்.

“அங்க மூச்சு விடப் போறது எம்புள்ளதானே டீச்சர்?” என்றார்.